பல்ப் மங்கும் நேரம்

குருக்கள்மடத்துப் பின்னேரம். யன்னலால் வரும் வாவி வெளிச்சம் கூரையில் நெளிகிறது. மேசையில், கேதீஸ்வரி மாதக்கணக்காய் ஆசைக்குப் பிரித்துப் பூட்டிய பழைய பவர் சப்ளைப் பெட்டி. உள்ளே இன்னும் கோளாறிருந்தால் அது கருகிவிடாமலிருக்க, மின்கம்பியின் நடுவில் ஒரு குண்டு பல்ப்பைக் கோத்திருக்கிறாள். பல்ப் எரிந்தபடியே நின்றால் பட்டபாடெல்லாம் வீண். கடைசியாய்ப் பற்றவைத்த ஈயத்தின் புகை உப்புக் காற்றில் கரைகிறது. சுவிட்சைத் தட்டுகிறாள். பல்ப் பளிச்சென்று எரிகிறது. “ஆ, எரியிது!” என்று கைதட்டுகிறான் கணவன் ரதீஸ். பல்ப் மெல்ல மங்கி, சிவந்த நூலாகி, அணைகிறது. “அட, போயித்தே!” என்கிறான் அவன். “கொஞ்சம் பேசாம இரிங்கப்பா.” அவள் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அதன் முகப்புக் கண்ணாடிக்குள், இத்தனை காலம் படுத்தே கிடந்த வோல்ட் காட்டும் முள் மெதுவாய் எழும்புகிறது.