ஆற்றில் விழுந்த தோட்டாக்கள்

சுட்டு முடிந்த பித்தளை உறைகளை மார்லா எலுமிச்சை உப்புத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தாள். மறுபடி மருந்தும் ரவையும் நிரப்புவதற்கு முன், கரி போக ஒரு குளியல். அந்த வீட்டில் சாப்பாட்டுத் தட்டுக்கு அடுத்தபடி அவள் கை அதிகம் கழுவுவது இதைத்தான்.

ஜன்னலுக்கு வெளியே அவள் புருஷன் டெல், தம்பி ரூலனை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தான்.

விஷயம் இதுதான். எல்க் மான் வேட்டை நெருங்கிவிட்டது. குறி பார்த்துப் பழக என்று ரூலன் அண்ணனின் ரைஃபிளையும், வீட்டில் நிரப்பிய தோட்டா ஒரு பெட்டியையும் வாங்கிப் போனான். ரைஃபிள் திரும்பி வந்தது. மூன்று காலி உறையும் வந்தது. மீதித் தோட்டாவெல்லாம் பெட்டியோடு ஆற்றில் விழுந்துவிட்டதாம். பாறை வழுக்கியதாம்.

"பாறை வழுக்குச்சா? உனக்குப் பொறந்ததுலேருந்தே வழுக்குது" என்றான் டெல். "இந்த வருஷம் வேட்டைக் கேம்புக்கு நீ வராத. உன் கையில நான் துப்பாக்கி தர மாட்டேன்."



மார்லாவுக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அந்த ஒரு மான் விழுந்தால்தான் ரூலன் வீட்டில் பனிக்காலம் முழுக்க இறைச்சி. ஆனாலும் கொழுந்தன் மேல் கோபமும் வந்தது. நாலு பிள்ளை பெற்றவன், ஒரு பெட்டியைப் பத்திரமாகக் கொண்டுவரத் தெரியாதா?

அந்த மூன்று உறைகளும் கைக்கு வந்தன. கட்டைவிரல் ஓர் உறையின் அடியில் நின்றது.

அடி நடுவே இருக்கும் சின்னப் பொட்டு, அதுதான் ஊசி தட்டினதும் தீப்பிடிப்பது, விளிம்பில் லேசாக உருண்டு இருக்க வேண்டும். இது ரயில் ஏறின காசு மாதிரி சப்பையாகி, குழி முழுக்கப் பரவிக் கிடந்தது. பக்கத்திலேயே பிறை போல ஒரு பளபளப்பு. உள்ளே அழுத்தம் எல்லை மீறினால்தான் பித்தளை இளகி அப்படித் தடம் பதியும்.

அடுத்ததைத் திருப்பினாள். அதே பிறை. மூன்றாவதிலும்.

பழைய உறை ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அதில் ஒன்றுமில்லை. அப்படியானால் இந்த மூன்றுக்கு மட்டும் என்ன வந்தது?

துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பிடித்தாள். அடியில் வட்டத்துக்குள் ஒரு சிலுவை முத்திரை. பட்டாளத்து உறை. சுவர் தடிமன், உள்ளே இடம் கம்மி. இதற்கு மருந்தைக் குறைத்துத்தான் போட வேண்டும். தனியாக ஒரு டப்பாவில்தான் கிடந்தது.

அந்த டப்பாவைத் திறந்தது அவள். எப்போதும் போடும் அளவையே போட்டதும் அவள்தான்.

தோட்டா நிரப்பிய அன்றைக்கு டெல், கண்ணைக் கட்டுது, மீதியை நீ போடு என்று படுக்கப் போய்விட்டான். இடுப்பில் குழந்தை, கையில் புனல். ரம்பத்தைத் திருப்பிக் கொடுக்க வந்த ரூலன் அவளைப் பார்த்துச் சிரித்தான். துப்பாக்கி கிளப்பில் அண்ணன், என் தோட்டாவில் என் கை தவிர வேறு கை படாது என்று மார்தட்டுவது அவனுக்கும் தெரியும். "நான் எதையும் பாக்கல அண்ணி" என்று சொல்லிவிட்டுப் போனான்.

நாலாவது தோட்டாவையும் சுட்டிருந்தால்? பின்பக்கம் பிய்த்துக்கொண்டு முகத்தில் அடித்திருந்தால்? நல்லவேளை, ஆறு கொண்டுபோனது.

ஆனால் ஒன்று மட்டும் இடித்தது. இந்த மாதிரித் தோட்டா சுட்டால், காலி உறையை வெளியே இழுக்கும் போல்ட் கைப்பிடி இறுகிக்கொள்ளும், உள்ளங்கையால் அடித்துத்தான் தூக்க வேண்டும். காலையில் ரூலன் கையில் நீலமாகக் கன்றியிருந்ததே. பாறையில் ஊன்றினேன் என்றானே. போல்ட் இறுகினது தெரியாமலா அவன் இன்னும் இரண்டு சுட்டான்? தெரிந்திருந்தால் ஏன் அண்ணனிடம் சொல்லவில்லை?

மூன்று உறைகளையும் ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். அண்ணன் தம்பி பேச்சில் அவள் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை.

டெல் இன்னும் விடவில்லை. "ஒவ்வொண்ணும் நானே நிறுத்துப் போட்டது. அதோட அருமை உனக்கு எங்க தெரியும்?"

"டெல், கொஞ்சம் கேளுங்க" என்றாள் மார்லா. "தம்பி மேல தப்பில்ல. அந்தத் தோட்டாவ அடைச்சது—"

"அண்ணி" என்றான் ரூலன், நிமிராமலே. "உள்ள பாப்பா வீறிட்டு அழுவுது. மொதல்ல அதப் போய்ப் பாருங்க."

அவள் பேச்சை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

வெளியே டெல்லின் குரல் மறுபடி ஏறியது. வருஷா வருஷம் ஒரு சாக்கு, கேம்புக்கு இனி உன் பேரே இல்லை என்றான். ரூலன், சரிண்ணே, என் தப்புதான் என்றான்.

தொட்டிலில் குழந்தை அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. கண்ணோரம் ஈரம்கூட இல்லை.

அந்தப் பாறையும் வழுக்கியிருக்காது என்று மார்லாவுக்குப் புரிந்தது. பிறகு, பாதியில் விட்ட பேச்சை முடிக்க வாசலுக்கு நடந்தாள்.