அணைந்த கயிறு

சுகாதார ஆய்வாளர் பாக்கியநாதன் கயிற்றை அறுத்து, அதன் நெருப்பு முனையைக் கிளாஸ் கழுவும் வாளியில் முக்கினார். சுர்ரென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

டீ ஆற்றிக்கொண்டிருந்த அனுசுயாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்குப் போகிற சாலையில், அவள் புருஷன் பிச்சமுத்துவின் டீக்கடைத் தூணில் அந்தத் தேங்காய்நார்க் கயிறு எத்தனையோ வருடமாகப் புகைந்துகொண்டு தொங்கியது. வருகிறவர்கள் பீடியையோ சிகரெட்டையோ அதில் பற்றவைத்துக்கொண்டுதான் பெஞ்சில் உட்காருவார்கள். அதற்குப் பிறகுதான் டீ.

போன மாதம் டாக்டர் அவள் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்று கடையில் புகை நிற்க வேண்டும், இல்லை நீங்கள் கடைக்கு வருவதை நிறுத்த வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

எண்ணெய்ச் சட்டியை அன்றைக்கே இறக்கியாயிற்று. வடை இப்போது வெளியிலிருந்து வருகிறது. பீடிப் புகையை யார் இறக்குவது?

வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதை நினைத்தாலே அவளுக்கு மூச்சு முட்டியது. யாருக்குச் சர்க்கரை வேண்டாம், யார் பெண்ணுக்கு வரன் வந்திருக்கிறது, யார் மாமியாரோடு சண்டை போட்டுவிட்டு வந்து நிற்கிறார்கள், எல்லாம் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். நாலு பேரிடம் வாயாடினால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

புருஷனிடம் தலைபாடாக அடித்துக்கொண்டாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், கேட்கமாட்டார்களா?

"தினம் வர்ற மனுசங்க. மூஞ்சிக்கு நேரா எப்படி அனு சொல்றது?" என்றான் பிச்சமுத்து.

அவன் அப்படித்தான். யாரிடமும் 'இல்லை' என்று சொல்ல வராது. பூனை பாலில் வாயை வைத்தாலும், பாவம், குடித்து முடிக்கட்டும் என்று நிற்கிற ஆள்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டிய பெண்டாட்டியின் மூச்சைவிட ஊரான் பீடி பெரிதாகப் போய்விட்டதா? மாசக் கடைசியோடு நான் நின்றுகொள்கிறேன் என்று போன வாரம் சொல்லிவிட்டாள். அதற்கும் அவன் தலையைத்தான் ஆட்டினான். அன்றிலிருந்து அவள் அவனோடு சரியாகப் பேசவில்லை.

இப்போது, ஷிப்ட் விட்டு ஆட்கள் பெஞ்சை நிரப்பியிருக்கிற நேரமாகப் பார்த்து, ஜீப்பில் இப்படி வந்து இறங்கியிருக்கிறார்கள்.

"இது பொது இடங்க. வேலை பாக்குற இடமும்கூட. இங்க யாரும் புகை பிடிக்கக் கூடாது. நீங்க பிடிக்க விடவும் கூடாது," என்றார் பாக்கியநாதன். அபராதச் சீட்டைக் கிழித்துக் கொடுத்து, 'புகை பிடிக்காதீர்' என்ற தகரப் பலகையையும் நீட்டினார். கடையைப் போட்டோ எடுத்து போனில் ஏதோ தட்டிவிட்டு ஜீப்பில் ஏறினார். பிச்சமுத்து எல்லாவற்றையும் கைகட்டி வாங்கிக்கொண்டான்.

ஃபிட்டர் அற்புதசாமியின் உதட்டில் பாதிப் பீடி இருந்தது. துப்புவதா விழுங்குவதா என்று தெரியாமல் விழித்தார். பிறகு விருட்டென்று எழுந்து சாலையைத் தாண்டிப் போனார். அவர் பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள்.

பெஞ்ச் காலியாகிவிட்டது.

அனுசுயா சாலையை எட்டிப் பார்த்தாள். கயிறு அணைந்ததில் ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டதற்குக் கடையே போய்விடுமோ? எதிர்ப்பக்கம் இன்னும் ரெண்டு எட்டு நடந்தால் வேறொரு டீக்கடை இருக்கிறது. பிச்சமுத்துவும் அந்தப் பக்கமேதான் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

அற்புதசாமி பீடியைக் கடைசிவரை இழுத்தார். கீழே போட்டு மிதித்தார். இரண்டு பக்கமும் பார்த்துச் சாலையைக் கடந்து, தன் பழைய இடத்திலேயே வந்து உட்கார்ந்தார்.

"எனக்கு ஸ்ட்ராங்கா ஒண்ணு போடும்மா."

ஒவ்வொருவராக மற்றவர்களும் வந்துவிட்டார்கள். அனுசுயா இஞ்சியைத் தட்டிப் போட்டாள். அதன் வாசனை நேராக மூக்கில் ஏறியது. தான் போடுகிற டீக்கு இவ்வளவு வாசனையா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இனி மாசக் கடைசியைப் பற்றிக் கவலையில்லை. கண் கலங்கியது.

பிச்சமுத்து சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, வாசல் தூணில் பலகையை அடிக்கப் போனான். சட்டைப் பையில் போன் அடித்தது. அவள் எடுத்தாள்.

"பிச்சமுத்து சாருங்களா?" ஒரு பெண்ணின் குரல்.

"அவங்க வீட்ல பேசுறேன்."

"சார் ஒரு டீக்கடையில புகை பிடிக்கிறாங்கன்னு புகார் குடுத்திருந்தாரு. ஆளுங்க வந்து நடவடிக்கை எடுத்துட்டாங்களா மேடம்? புகாரை முடிச்சிடலாங்களா?"

அனுசுயா போனோடு வாசல் பக்கம் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள்.

வாசலில் அற்புதசாமி இன்னும் ஆறவில்லை. "எவனோ வேலையத்தவன் போட்டுக்குடுத்திருக்கான் பிச்சமுத்து. அவன் வெளங்குவானா?"

"வெளங்கவே மாட்டான்ணே," என்றான் பிச்சமுத்து, ஆணியில் சுத்தியலை வைத்தபடி. அதற்கும் அவனால் இல்லை என்று சொல்ல முடியவில்லை.

"முடிச்சிடுங்கம்மா. நல்லபடியா முடிஞ்சிருச்சு," என்று போனில் சொன்னாள் அனுசுயா. பிறகு அதைக் கையில் பிடித்தபடியே வாசலுக்கு வந்தாள்.

"அப்படிச் சொல்லாதீங்கண்ணே. அந்த மனுசன் நூறு வருசம் நல்லா இருக்கட்டும்."

பிச்சமுத்து திரும்பினான். அவள் கையில் தன் போனைப் பார்த்தான். சுத்தியல் ஆணியை விட்டு விரலில் இறங்கியது.