பன்னிரண்டாவது மாடிக்குத் தண்ணீர்

பரமசிவத்தின் ரத்த அழுத்தம் ஐம்பத்தெட்டில் வந்து நின்றது.

புக்கிட் பாஞ்சாங் அடுக்குமாடி புளோக் ஒன்றின் கார் நிறுத்துமிடத்தில், பின்னோக்கி வந்த லாரி அவரைச் சுவரோடு சேர்த்து நசுக்கிவிட்டது. இடுப்பெலும்பு நொறுங்கி, உள்ளுக்குள்ளேயே ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது. வயது ஐம்பத்து நான்கு, தொழில் பிளம்பர் என்றார்கள் ஆம்புலன்ஸில் கொண்டுவந்தவர்கள்.

கூடவே வந்த பெண்ணின் பெயர் உமாமகேஸ்வரி.

பரமசிவம், உமாமகேஸ்வரி. அவசரப் பிரிவில் அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

இளம் டாக்டர் அருண்ராஜ் வெளியே வந்தார். நாலாவது பை ரத்தம் ஏறியும் அழுத்தம் ஏறவில்லை, நோர்அட்ரினலின் தொடங்கப் போகிறோம் என்பதை நல்ல தமிழில் சொல்ல நினைத்தார். ரத்த நாளங்கள் என்று ஆரம்பித்ததுமே பள்ளிக்கூடத் தமிழ் தீர்ந்துபோனது.

"குழாய் மாதிரி நெனச்சுக்குங்க, ஆன்ட்டி. பைப்பை லேசா இறுக்கி பிரஷரை ஏத்துற மருந்து."

பிளம்பரோடு வந்தவளிடம் குழாய்க் கதை பேசியிருக்கக் கூடாது.

"ஒடஞ்ச பைப்புல பிரஷரை ஏத்துவாங்களா, டாக்டர்? இன்னும்தானே கொட்டும்? மொதல்ல மெயின் வால்வை மூடுங்க!"

போன மாதம் ஒரு மாநாட்டில் பேராசிரியர்கள் இரண்டு மணி நேரம் சண்டை போட்டது இதே கேள்விக்குத்தான். அவர்களில் யாரும் இவ்வளவு சுருக்கமாகக் கேட்கவில்லை.

மெயினை மூடுகிறவர்கள் ஆபரேஷன் தியேட்டரில் தயாராகிறார்கள், பத்து நிமிடம் ஆகும் என்றார் அருண்ராஜ். உடம்பில் மூளைதான் பன்னிரண்டாவது மாடி. அதுவரை அங்கே தண்ணீர் நின்றுவிடக் கூடாது.

அவள் விடவில்லை. தொட்டியில் தண்ணீர் இல்லாமல் பம்பை ஓட்டினால் எரிந்துபோகுமே என்றாள்.

தொட்டியை நிரப்பிக்கொண்டேதான் ஓட்டுகிறோம் என்றார் அவர், வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொண்ட மாணவனைப் போல.

எவ்வளவு ஏற்றுவீர்கள் என்றாள். கொஞ்சம்தான், மேல் வீட்டுக் குழாயில் நூல் மாதிரி தண்ணீர் வந்தால் போதும் என்றார்.

"ரொம்ப ஏத்திடாதீங்க லா. பழைய பைப்பு." சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது.

கட்டில் அவளைக் கடந்து தியேட்டருக்கு உருண்டபோது அவள் பரமசிவத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. மானிட்டரைத்தான் பார்த்தாள். எழுபத்தெட்டு.

இரண்டு மணி நேரம் கழித்து அருண்ராஜ் திரும்பி வந்தார். மெயினை மூடியாயிற்று, மருந்தைக் குறைக்கிறோம், பிழைத்துக்கொள்வார் என்றார். அப்போதுதான் அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

தாதி நஃபீசா படிவத்தை நீட்டினார். உறவு என்ற இடத்தில் 'மனைவி' என்று அவரே நிரப்பிவிட்டிருந்தார். தொடர்பு எண்ணும் கையெழுத்தும்தான் பாக்கி.

உமாமகேஸ்வரி அதைப் படித்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

இவர் மனைவி ஜோகூரிலிருந்து வந்துகொண்டிருக்கிறார், எல்லைப் பாலத்தில் ஜாம் என்றாள். இந்த மனுஷன் பதினெட்டு வருஷமாக ஒவ்வொரு புளோக்கிலும் என் பிளம்பிங் கடை ஸ்டிக்கர் மேல் தன் கடை ஸ்டிக்கரை ஒட்டுகிறவர். இன்றைக்குப் பைப் உடைந்த வீட்டில் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டுவிட்டார்கள். எனக்கு முன்னால் லிஃப்டைப் பிடிக்கத்தான் அந்த லாரிக்குப் பின்னால் குறுக்கே ஓடினார்.

பிறகு பேனாவை வாங்கி 'மனைவி'யை அடித்தாள். கொஞ்சம் யோசித்து, 'போட்டி' என்று எழுதினாள்.

தொடர்பு எண் கேட்ட இடத்தில் தன் கடை எண்ணைப் போட்டு, பக்கத்தில் சேர்த்தாள்: 24 மணி நேரமும் அழைக்கலாம்.