பெரிய கட்டு

"லேப்ராஸ்கோபிதானே டாக்டர்? சின்னதா மூணு நாலு ஓட்டை. வலி கம்மி, தழும்பு தெரியாது, மறுநாளே எழுந்து நடக்கலாம். எல்லாம் படிச்சிட்டுத்தான் வந்திருக்கேன்!"

பித்தப்பையில் கல் இருந்தது மனைவிக்கு. பேசியது கணவர். அலுவலகத்தில் அவருக்கு 'விளக்கவுரை' என்று பட்டப்பெயர். சும்மா வைக்கவில்லை.

"நடக்கலாம் சார். ஆனா வெளியேதான் சின்ன ஓட்டை. உள்ளே ஒரு உறுப்பையே எடுக்கறோம். கொஞ்ச நாள் ஓய்வு வேணும்," என்றார் டாக்டரம்மா.

"ஓட்டைக்கு எதுக்கு டாக்டர் ஓய்வு? ஞாயித்துக்கிழமை எங்கண்ணன் குடும்பத்தோட வர்றார். ஒரு வாரம் தங்கல். இவ கைச் சமையல்னா உசிரு அவங்களுக்கு. அதுக்குத்தான் இந்த ஆபரேஷனே வேணும்னு சொன்னேன்!"

மனைவிக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் கவனிக்கவில்லை. டாக்டரம்மா கவனித்தார்.

ஆபரேஷன் முடிந்து உள்ளே போன விளக்கவுரைக்குத் தூக்கிவாரிப் போட்டது. மனைவிக்கு நெஞ்சுக்குக் கீழே தொடங்கி அடிவயிறு வரை கட்டு!

"என்ன டாக்டர் இது, வயித்தையே கிழிச்சிட்டீங்களா? நம்பவச்சுக் கழுத்தறுத்துட்டீங்களே!"

டாக்டரம்மா கோபப்படவில்லை.

"குனியக் கூடாது. கனம் தூக்கக் கூடாது. நான் கட்டைப் பிரிக்கிற வரைக்கும் அடுப்படிப் பக்கமே போகக் கூடாது."

விளக்கவுரை பார்க்கிறவர்களிடமெல்லாம் அந்த டாக்டரம்மாவைத் திட்டித் தீர்த்தார். திட்டிக்கொண்டே காய் நறுக்கினார். கையைச் சுட்டுக்கொண்டு சமைத்தார்.

"பெரிய ஆபரேஷன்ண்ணே. பாவம், படுத்த படுக்கையா இருக்கா. அண்ணிகிட்ட சொல்லிடுங்க, அப்புறமா வரலாம்," என்று போனில் குரல் தழுதழுக்கச் சொன்னார்.

மனைவி, கல்யாணமாகி முதல் தடவையாக, உட்கார்ந்த இடத்துக்கே வந்த சாப்பாட்டைச் சாப்பிட்டாள். உப்பு இல்லை. இருந்தும் ருசித்தது.

கட்டுப் பிரிக்கும் நாள் வந்தது. கணவர் பக்கத்திலேயே நின்றார். எவ்வளவு நீளத்துக்குத் தையலோ, கேஸ் போட்டால் நிற்குமோ என்று அவருக்கு ஒரே யோசனை.

கட்டு முழுசாக உரிந்தது. உள்ளே கொசு கடித்த மாதிரி மூன்று நான்கு தடம். வேறொன்றும் இல்லை.

மனைவி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர்! இத்துனூண்டு காயத்துக்கா இவ்ளோ பெரிய கட்டு?"

கையுறையைக் கழற்றியபடியே டாக்டரம்மா சொன்னார்:

"காயத்துக்கு நகத்தளவு பிளாஸ்திரி போதும் சார். மத்ததெல்லாம் நீங்க பார்க்கணும்னு போட்டது."