காகிதம் கருகாத சூடு

"அசையாத பாப்பா! அசைஞ்சா காது பூடும்!"

அந்தோணியம்மாள் போட்ட அதட்டலில் சூடாமணி மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டாள். கொல்லைத் தாழ்வாரத்தில் கரி அடுப்பு கனன்றுகொண்டிருந்தது. அதன்மேல் மரப்பிடி போட்ட இரும்புச் சீப்பு காய்ந்துகொண்டிருந்தது.

மயிலாப்பூர் மாடவீதியிலுள்ள அந்த வீட்டுக்கு அன்று சாயங்காலம் பெண் பார்க்க வருகிறார்கள். இது நாலாவது தடவை. முதல் மூன்று வீட்டாரும் சொஜ்ஜி பஜ்ஜியை ஒரு கை பார்த்தார்கள். பெண்ணின் பின்னலை அவிழ்த்தும் பார்த்தார்கள். "பொண்ணு லட்சணம்தான். ஆனா பரட்டைத் தலை குடும்பத்துக்கு ஆகாதே" என்று சொல்லிக் கைகழுவிவிட்டார்கள். சூடாமணியின் முடி அப்படி. சீப்பு உள்ளே போனால் லேசில் திரும்பி வராது.

"ஒரு கை எண்ணெய் தடவிட்டு இழுத்தா இன்னும் படியுமோன்னோ?" என்று கிண்ணமும் கையுமாக வந்தாள் அம்மா வேதவல்லி.

"நல்லா கீதே மாமி! எண்ணெய வச்சி சூட்ட வச்சா முடி அப்பளமாட்டம் பொரிஞ்சிடும். நேத்தே சீயக்கா போட்டு அலசி காயவச்சது எதுக்கு? எல்லாம் முடிஞ்சி ஆறினப்புறம் உள்ளங்கையில ஒரு சொட்டு. அவ்ளோதான்."

அந்தோணியம்மாள் அடையாற்றில் ஒரு துரைசானியிடம் ஆயாவாக இருந்தவள். துரைசானி சீமைக்குக் கப்பலேறும்போது முடியில் சூடு வைக்கும் ஒரு இடுக்கியையும் இந்தச் சீப்பையும் அவளுக்குக் கொடுத்துவிட்டுப் போனாள்.

"அந்த இடுக்கி வேண்டாமா ஆயா?" என்று கேட்டாள் சூடாமணி.

"அது துரைசானிக்கு. நூலாட்டம் கீற முடிக்குத்தான் அது. நம்ம காட்டுக்கு சீப்புதான் தோது."

சீப்பை எடுத்து ஒரு பழைய செய்தித்தாளில் வைத்தாள். காகிதம் பழுப்பாயிற்று. "இது ஆவாது" என்று சற்று ஆறவிட்டு மறுபடி வைத்தாள். இந்தத் தடவை காகிதம் நிறம் மாறவில்லை. விரல் கனத்துக்கு ஒரு கற்றை பிரித்து, வேரை ஒட்டாமல் நிதானமாக இழுத்தாள்.

"ஒரு கத்தைக்கு ஒரு தபாதான். ரெண்டாந்தபா ஆசப்பட்டா கருகிடும்."

சூடாமணி கைக்கண்ணாடியில் பார்த்தாள். தோளில் முடி வழவழவென்று இறங்கியிருந்தது. அது தன் முடிதானா என்று தொட்டுப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

"உனக்கு நான் என்ன பண்ணப்போறேன் ஆயா!"

"ரங்கூன்லேர்ந்து என் மவன் போடற கடுதாசிய ஆரு படிச்சிக் காட்டறது? பதில் ஆரு எழுதறது? நீதானே? கம்முனு குந்து."

வேதவல்லிக்குக் கவலை தீரவில்லை. "தியாகராய நகர்லேர்ந்து அவாளாவே ஜாதகம் கேட்டு அனுப்பினா. யார் சொன்னாளோ, எல்லாம் கேசவப்பெருமாள் அனுக்கிரகம். ஆனா அந்தப் பிள்ளையோட அம்மா செங்கமலத்தம்மாளுக்குத் தலை பட்டு மாதிரி இருக்குமாமே! அப்பேர்ப்பட்டவ கண்ணுலேர்ந்து இது தப்புமா?"

"பெருமாளுக்கே இன்னொரு கும்புடு போடு மாமி" என்று அந்தோணியம்மாள் திரும்பியபோது, சீப்பு சூடாமணியின் வலது காது நுனியில் பட்டுவிட்டது.

"ஸ்ஸ்!"

"ஐயோ, மாதாவே! என் பீச்சாங்கைப் பழக்கம், எப்பவும் இந்தக் காதுலதான் போயி இடிக்கும். வெண்ணெய் வை மாமி. பாப்பா, அடுப்பங்கரை ஆவிப் பக்கம் போவாத. கடக்காத்து வந்தா ஜன்னல சாத்திக்கோ. ஈரம் பட்டா பழைய காடுதான்."

சாயங்காலம் அவர்கள் வந்தார்கள். பிள்ளை ராமானுஜம் சாதுவாக உட்கார்ந்திருந்தான். காதை மறைத்துப் படியப் படிய வாரியிருந்த செங்கமலத்தம்மாள், சூடாமணி பாடி முடித்ததும் எழுந்தாள்.

"பொண்ணைக் கொஞ்சம் உள்ளே அழைச்சுண்டு போறேன். பின்னலைப் பார்க்கணும்."

வேதவல்லி கேசவப்பெருமாளுக்கு இன்னொரு கும்பிடு போட்டாள்.

உள்ளறையில் இருவர் மட்டும். ஜன்னல் திறந்திருந்தது. கடற்காற்று சிலுசிலுவென்று வந்து, சூடாமணியின் நெற்றியோர முடியை ஒவ்வொன்றாகக் கிளப்பிவிட்டது. இன்னும் நாலு நிமிஷத்தில் குட்டு உடைந்துவிடும். உடைவதற்கு முன்னால் தானே சொல்லிவிடுவது மேல் என்று அவளுக்குத் தோன்றியது. ஏமாற்றி ஒரு வீட்டுக்குள் நுழைந்து காலமெல்லாம் யார் பயந்துகொண்டிருப்பது?

"மாமி, நிஜத்தைச் சொல்லிடறேன். என் தலை பரட்டை. இன்னிக்கு ஒருநாள் படிய வச்சது."

"யார் வச்சுவிட்டா?"

"அதை மட்டும் கேக்காதீங்கோ. அவளுக்கு நான் ரொம்பக் கடன்பட்டிருக்கேன். அவ பேர் கெடப்படாது."

செங்கமலத்தம்மாள் பின்னலைத் தொடவேயில்லை. அவசரமாக ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினாள்.

"இன்னும் செத்த நாழி திறந்திருந்தா எனக்கும் கிளம்பிடும்டி!"

வலது காதை மறைத்திருந்த முடியை ஒதுக்கிக் காட்டினாள். காது நுனியில், அதே இடத்தில், ஒரு பழைய சூட்டுத் தழும்பு.

"ராமானுஜத்துக்கும் தெரியும், சின்ன வயசுல அடுப்பு விசிறினவனே அவன்தான். 'உங்களாட்டமே மயிலாப்பூர்ல ஒரு தங்கமான பொண்ணு கீது மாமி'ன்னு சொல்லி, என்னை ஜாதகம் கேக்க வச்சதே அந்தோணியம்மாதான்! பாவம், இனிமே அவ ரெண்டு ஆத்துக்கு அலைய வேண்டாம்."