விரிசலில் ஒட்டிய கண்ணாடி

நிலக்கரிச் சுரங்கம் ஊருக்கு அடியில் வந்துவிட்ட பிறகு எல்லோரும் போய்விட்டார்கள். மிச்சமிருந்தது ஒரு வீடு, அதில் கோமளவல்லி மட்டும். அவள் வீட்டுச் சுவரில் ஓடிய விரிசலின் குறுக்கே சுரங்கக் கம்பெனியின் அளவையாளன் எபனேசர் விரலகலக் கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டிவைத்திருந்தான். மண் இறங்கினால் கண்ணாடி உடையும். உடைந்ததென்று அவன் நோட்டில் எழுதிவிட்டால் மறுநாளே அவள் வீட்டைக் காலி செய்தாக வேண்டும்.

வாரம் தவறாமல் போன் வரும். "கண்ணாடி உடைஞ்சுபோச்சு சார், வந்து பாருங்க." ஆளில்லாத தெருக்களைத் தாண்டிப் போவான். கல்லால் தட்டிய கண்ணாடி, நடுவிலிருந்து நட்சத்திரமாகச் சிதறியிருக்கும். இருவருமே அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். வேறு துண்டை ஒட்டி, அவள் தரும் டீயைக் குடித்துவிட்டு, ஒன்றும் எழுதாமல் திரும்புவான். நாளெல்லாம் விரிசல்களை அளந்துகொண்டு அலைபவனை 'வாங்க' என்று கூப்பிட அந்தப் பக்கம் வேறு வாசல் கிடையாது.

இன்றும் போன் வந்தது. சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனான். கண்ணாடி ஒரே கோடாகப் பிளந்து, இரண்டு பாதிகளும் விலகி நின்றன. சிதறல் இல்லை.

"அக்கா..." என்றான்.

அவள் தலைகுனிந்தாள். "சத்தியமா இந்தத் தடவை நான் இல்ல சார்."

அவன் பையிலிருந்து நோட்டை எடுத்தான்.

"டீயக் குடிச்சிட்டு எழுதுங்க" என்று அவசரமாக அடுப்படிக்குப் போனாள்.

டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். டீயில் ஆடை படிந்தது. அவன் வாய் வைக்கவில்லை. ஆறிப்போச்சே, சூடு பண்ணித் தரட்டுமா என்று அவளும் கேட்கவில்லை.