குப்பை நோட்டு

"கையைக் காட்டுங்கம்மா."

நகைக் கிடங்கின் வாசலில், ஸ்டோர் கீப்பர் தினமும் நாலரை மணிக்குச் சொல்வது இது ஒன்றுதான். அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தது போக, மீதிப் பழைய நகைகள் எல்லாம் அந்த அறையில் இருந்தன.

பெருக்குகிறவள் இரண்டு கைகளையும் விரிப்பாள். நீலக் கோட்டின் பாக்கெட் இரண்டையும் வெளியே இழுத்துவிடுவாள். சாப்பாட்டுப் பையைக் கவிழ்ப்பாள். பிறகு அவர் அவளுடைய முறத்துக் குப்பையைச் சல்லடையில் கொட்டிச் சலிப்பார். பழைய நகைகளில் கல்லை அரக்கு வைத்துப் பதித்திருக்கிறார்கள். அரக்கு காய்ந்தால் கல் உதிரும்.

சலித்து முடித்ததும் ஒரு நீள நோட்டில் எழுதுவார்: 'பை பார்த்தது. குப்பை சலித்தது. ஒன்றுமில்லை.' அவள் கையெழுத்துப் போட வேண்டும்.

ஆறு வருஷமாக இப்படித்தான். ஒரு நாள்கூட அவர் அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை.

"இதுக்கு உன் நெத்தியில திருடின்னு எழுதி ஒட்டிடலாம்" என்றாள் டிக்கெட் கவுன்டர்க்காரி. "அந்தச் சல்லடை, பெத்த தாயையே சலிச்சுப் பார்த்துட்டுத்தான் வீட்டுக்குள்ள விடும்."

பெருக்குகிறவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் மூன்று பேர் சாப்பிடுவது இந்த ஒரு வேலையில். அதனால்தான் வாயைத் திறக்காமல் இருந்தாள்.

புதிதாக ஓர் அதிகாரியம்மா வந்தார். இரண்டாம் நாளே இந்தச் சோதனையைப் பார்த்துவிட்டார்.

"என்ன சார் இது? மனுஷங்களை நம்ப வேண்டாமா?"

ஸ்டோர் கீப்பர் தரையைப் பார்த்தார். "ஒரு வழக்கம் மேடம்."

"இன்னையோட நிறுத்துங்க." அதிகாரியம்மா அவள் தோளில் கை வைத்தார். "எனக்கு உன்மேல முழு நம்பிக்கை இருக்கும்மா."

அன்றைக்கு வீடு போகும் வரை அவள் கால் தரையில் பாவவில்லை.

அதற்கப்புறம் யாரும் அவள் பையைப் பார்க்கவில்லை. அவள் பெருக்கும்போது மட்டும், ஸ்டோர் கீப்பர் வழக்கம்போல அறைக்குள் வாசற்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

பன்னிரண்டாம் நாள், வருஷாந்தரச் சரிபார்ப்பு நடந்தது. முப்பத்தேழு சிவப்புக் கல் வைத்த அட்டிகையில் முப்பத்தாறுதான் இருந்தது. போன வாரம் போட்டோ எடுக்க வெளியே எடுத்தபோது முப்பத்தேழும் சரியாக இருந்தது.

அதிகாரியம்மா அவளைத்தான் முதலில் கூப்பிட்டார்.

"உண்மையைச் சொல்லிடு. போலீஸ் அது இதுன்னு போனா உனக்குத்தான் அசிங்கம்."

"நான் அட்டிகை வெச்ச மேஜைப் பக்கமே போகல மேடம். என்மேல நம்பிக்கை இருக்குன்னு சொன்னீங்களே."

"நம்பினதாலதானே இப்படி ஆச்சு."

பக்கத்து அறையில் அவளை வேலையிலிருந்து நிறுத்தும் கடிதம் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஸ்டோர் கீப்பர் நோட்டோடு உள்ளே வந்தார். 'வந்துட்டார், என் கதையை முடிக்க' என்று நினைத்துக்கொண்டாள்.

அவர் பக்கத்தைப் பிரித்து மேஜையில் வைத்தார். சோதனையை நிறுத்தச் சொன்ன பிறகும் பதினோரு நாளுக்குப் பதினோரு வரி இருந்தது. 'பெருக்கும்போது நான் அறையில் இருந்தேன். அவர் மேஜையைத் தொடவில்லை. முறத்தை என் முன்னால் கொட்டினார். அவர் போன பின் குப்பை சலித்தது. ஒன்றுமில்லை.'

"நான்தான் நிறுத்தச் சொன்னேனே" என்றார் அதிகாரியம்மா.

"அவங்க பையைப் பார்க்கறதை நிறுத்திட்டேன் மேடம். குப்பையைச் சலிக்கறதை நிறுத்தல."

"அப்போ கல் எங்க?"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அவ்வளவு பேசி அவருக்குப் பழக்கமில்லை.

"அட்டிகையைத் தொட்டது மூணு பேர் மேடம். போட்டோக்காரர், நான், நீங்க. இங்க எப்பவுமே யாரும் பார்க்காதது நம்ம மூணு பேர் பையைத்தான்."

அவர் அதிகாரியம்மா பக்கம் திரும்பினார்.

"போட்டோ எடுக்கறப்போ அட்டிகைக்கு அடியில விரிச்ச கறுப்புத் துணியை எங்க வெச்சீங்க?" என்று கேட்டார்.

துணி அதிகாரியம்மாவின் பீரோவில் இருந்தது. நாலாக மடித்திருந்த துணியைப் பிரித்ததும், துளி அரக்கோடு கல் மேஜையில் உருண்டது.

"கிடைச்சதே, அது போதும்" என்றார் அதிகாரியம்மா. கடிதம் அடிப்பதை நிறுத்தச் சொல்லப் பக்கத்து அறைக்குப் போனார்.

அன்று நாலரை மணிக்கு அவளாகவே ஸ்டோர் கீப்பர் முன்னால் வந்து நின்றாள். கோட்டின் பாக்கெட் இரண்டையும் வெளியே இழுத்துவிட்டாள்.

"பார்த்து எழுதுங்க சார்."

அவர் எழுதினார். அவள் கையெழுத்துப் போட்டாள். ஆனால் போகவில்லை.

"என்மேல சந்தேகம் இல்லேன்னா, எதுக்கு சார் ஆறு வருஷமா என்னைச் சலிச்சீங்க?"

அவர் நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தினார். அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

'முன்பு இங்கே பெருக்கியவரைக் கல் காணோம் என்று வேலையை விட்டு அனுப்பினோம். பத்தொன்பதாம் நாள் அந்தக் கல் என் மேஜை இடுக்கில் கிடைத்தது. அவர் எடுக்கவில்லை என்று காட்ட அன்று ஒரு வரி எழுத்துகூட இல்லை. இன்று முதல் எழுதுகிறேன்.'